பெயரும் பிணிப்பும்

ஒரு பொருளை நமதாக்கிக் கொள்ளுமுன் செய்யத்தக்கன இரண்டு. அஃது இன்னதென்று ஐயமறத் தெளிதல் ஒன்று. அதனை ஊறின்றி நம் இல்லம் கொண்டுவந்து சேர்த்தல் மற்றொன்று. விலையை எண்ணிக் கொடுத்த அளவிலேயே பொருள் நமதாயிற்று என்று பலர் எண்ணுவர். விலை கொடுத்தல் நொடிப்பொழுதில் முடிவது. தெளிதலும் கொணர்தலும் பொறுமையை வேண்டுவன. புதுப்பொருள் வாங்குவோர்க்கு இவ்விரண்டிலும் துன்பம் மிகுதி இல்லை. பல கை மாறி வரும் பழம்பொருளோ, வரும் வழியில் சிலவற்றை இழந்தும், சிலவற்றைப் புதிதாகப் பெற்றும், சில வேளைகளில் தனக்கு உரியதல்லாத பெயரைச் சூடிக்கொண்டும் வரும். ஏட்டுச் சுவடிகளோடு பழகிய எனக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் என் இளைய மகனோடு யான் தங்கியிருந்த ஒரு கோடையில், இவ்வுண்மையை மோட்டார் வண்டி ஒன்றும் எனக்கு எடுத்துரைத்தது.

அந்நாட்டில் ‘கிட் கார்’ என்று வழங்கும் ஒருவகை வண்டி உண்டு. அது தொழிற்சாலையில் முற்ற முடிந்து வெளிவருவதன்று. அடிச்சட்டம், மேற்கூடு முதலிய உறுப்புகளை ஒரு நிறுவனம் தனித்தனியே விற்கும். வாங்கியவர் தம் வீட்டுக் கொட்டகையில், ஓய்வு நாள்களில், தம் கையாலேயே அவற்றைப் பூட்டி வண்டியாக்குவார். எஞ்சின், கியர் பெட்டி, அச்சு ஆகியவற்றைப் பெரும்பாலும் பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றி எடுப்பர். தன் உறுப்புகளைத் தந்து உதவுதலின், அப்பழைய வண்டிக்குக் ‘கொடையாளி’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டிருக்கின்றனர்.

இவ்வகை வண்டிகளுள் பெரும்புகழ் பெற்றது ‘லோட்டஸ் செவன்’ என்பது. காலின் சாப்மன் என்னும் பொறிவல்லுநர் 1957-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். முடிந்த வண்டிக்கு அக்காலத்தில் அரசாங்கம் கொள்முதல் வரி விதித்தது. உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்வோர்க்கு அவ்வரி இல்லை. அதனால் எளிய வருவாயுடையோரும் விரைவு வண்டி ஒன்றை உடைமையாக்கிக்கொள்ள முடிந்தது. பூட்டும் முறையை எழுதித் தருதல் வரி விதிக்கு மாறாகும் என்பதால், சாப்மன் கழற்றும் முறையை எழுதித் தந்து, அதனைக் கடைசியிலிருந்து முதல்வரை படித்துக்கொள்ளச் செய்தார் என்று ஒரு சுவையான செய்தியும் வழங்குகின்றது. 1973-இல் கொள்முதல் வரி நீங்கி வேறொரு வரி வந்தது. அவ்வாண்டிலேயே செவன் வண்டியைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

புகழ் மிக்க ஒன்று தோன்றினால் அதனை ஒத்தன பல தோன்றுதல் உலகியற்கை. செவன் வண்டியின் வடிவத்தைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் வண்டி உறுப்புகளை விற்றன. 250 பவுன் அளவிலேயே விரைவு வண்டி ஒன்றைக் கட்டலாம் என்னும் தலைப்பில் ரான் சாம்பியன் என்பவர் 1996-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட, அதனைக் கற்று அடிச்சட்டத்தையும் தாமே ஒட்டிச் செய்தோர் பலர். இவை யாவும் சற்றுத் தொலைவிலிருந்து காண்பார்க்கு ஒரு தாய் மக்கள் போலவே தோன்றும். ஆனால், விலையிலோ ஒன்றற்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஆதலின், பிறர் வைத்திருந்த கிட் காரை வாங்குவோர் அதன் குலமும் வரலாறும் ஆராய்ந்தே வாங்குதல் வேண்டும்.

லிங்கன் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் லோட்டஸ் செவன் ஒன்று விற்பனைக்கு உளது என்று அறிந்து, என் மகன் அங்குச் செல்லலுற்றான். மோட்டார் பொறிகளில் பல்லாண்டு பழகிய முதியவர் ஒருவர் துணையாக வந்தார். யானும் உடன் சென்றேன். வண்டியை விற்க முன்வந்தவர் கணவரை இழந்த மூதாட்டி. அவருடைய கணவர் பல ஆண்டுகளுக்கு முன் அவ்வண்டியைப் பிறரிடமிருந்து வாங்கி, விடுமுறை நாள்களில் அதில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குச் செல்வாராம். கொட்டகைக்குள் ஒரு போர்வையின் கீழ் அது கிடந்தது. போர்வையை நீக்கியதும், மஞ்சளும் பச்சையுமான லோட்டஸ் முத்திரை வண்டியின் மூக்கில் பளிச்சிட்டது.

என் மகன் முகம் மலர்ந்தான். முதியவரோ, “மூக்கில் உள்ள பெயரைக் கடைசியில் படிப்போம்; முதலில் எலும்பைப் பார்ப்போம்” என்றார். எலும்பு என்று அவர் குறித்தது அடிச்சட்டத்தை. வண்டியின் ஏனைய உறுப்புகளை மாற்றலாம். முத்திரையைக் கடையில் வாங்கி ஒட்டலாம். அடிச்சட்டமும் அதில் பொறித்த எண்ணுமே வண்டியின் மெய்யான அடையாளங்கள். அவ்வெண்ணைப் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தல் முதற்கடமை. இரண்டும் வேறுபடின், அச்சான்றிதழ் மற்றொரு வண்டிக்கு உரியதாகலாம். வண்டி களவு போனதாகவும் இருக்கலாம். அந்நிலையில் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைப்பினும் அதனைத் தீண்டாது திரும்புவதே அறிவுடைமை.

எண் பொறித்த குழாயின்மீது வண்ணம் பல அடுக்காகப் படிந்திருந்தது. துணியால் துடைத்துப் பார்த்ததில் ஓர் இலக்கம் தவிர ஏனையவை சான்றிதழோடு பொருந்தின. அந்த ஓரிலக்கம் மூன்றோ எட்டோ என்று விளங்கவில்லை. சான்றிதழில் இருந்தது எட்டு. அரத்தால் தேய்த்துப் பார்க்கலாமா என்றான் மகன். அடையாள எண்ணைத் தேய்த்தல் அதனை அழித்தலாக முடியும். சட்டமும் ஐயுறும் என்று முதியவர் தடுத்தார்.

அப்போது எனக்கு என் இளமைப் பயிற்சி நினைவிற்கு வந்தது. கோயிற் சுவரில் தேய்ந்துபோன கல்லெழுத்துகளைத் தாளை ஒற்றிப் படியெடுத்துப் படிக்கும் முறையை யான் பலமுறை கண்டதுண்டு. கண்ணுக்குப் புலனாகாத குழிவும் தாளில் புலனாகும். மெல்லிய தாள் ஒன்றை அவ்விடத்தில் இட்டு, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தேய்த்தேன். கரிய பரப்பின் நடுவே எழுத்துகள் வெண்மையாக எழுந்தன. ஐயத்திற்கு இடமாயிருந்த இலக்கத்தின் இடப்பக்கமும் மூடியிருந்தது, அஃது எட்டே. முதியவர் அத்தாளை வாங்கிப் பார்த்து, “உமது தொழிலும் எமது தொழிலும் ஒன்றே போலும்!” என்று நகைத்தார். சான்றிதழ் அவ்வண்டிக்கே உரியது என்பது உறுதியாயிற்று.

ஆயினும், அது லோட்டஸ்தானா என்னும் வினா எஞ்சியது. எஞ்சினும் பின்னச்சும் போர்டு நிறுவனத்தின் எஸ்கார்ட் வண்டிக்கு உரியவை. அதனால் மட்டும் அது லோட்டஸ் அன்று என்று துணிதல் கூடாது என்றார் முதியவர். உண்மையான செவன் வண்டிகளுள்ளும் பல போர்டு எஞ்சின்களைப் பூண்டவையே. ஆதலின், ஒரு சான்றை மட்டும் கொண்டு முடிவு கட்டாமல், பல சான்றுகளும் ஒருமுகமாக எதனைக் காட்டுகின்றன என்று பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு நோக்கியபோது, அடிச்சட்டக் குழாய்களின் அமைப்பு முதியவர் கொணர்ந்த லோட்டஸ் வரைபடத்தோடு இசையவில்லை. பதிவெண் ‘கியூ’ என்னும் எழுத்தில் தொடங்கிற்று. ஆண்டோ அடையாளமோ ஐயத்திற்கு உரியதாய் உள்ள வண்டிகளுக்கு அவ்வெழுத்தை வழங்கும் வழக்கம் 1983-இல் தோன்றியது. பல வண்டிகளின் பழைய உறுப்புகளால் அமைந்தவற்றை அவ்வெழுத்தால் எளிதில் அறியலாம். 1960-களில் பிறந்து, அன்றே பதிவுபெற்ற வண்டிக்கு அவ்வெழுத்து வருதற்குக் காரணம் இல்லை.

மூதாட்டியார் எங்கள் வேண்டுகோட்படி பழைய தாள்கள் அடங்கிய பெட்டியைக் கொணர்ந்தார். அதன் அடியில் ஒரு குறிப்பேடு கிடந்தது. அவ்வண்டியை முதன்முதற் பூட்டியவர் எழுதியது அது. அடிச்சட்டத்தை எந்தச் சிறு நிறுவனத்திடம் வாங்கினார், எந்த எஸ்கார்ட் வண்டியிலிருந்து எஞ்சினைக் கழற்றினார், எந்த மரையை எவ்வளவு இறுக்கினார், எந்நாளில் முதன்முதலாக வண்டி தெருவிற்கு வந்தது என்பனவெல்லாம் அதில் திருத்தமாக எழுதப்பட்டிருந்தன. விலைச்சீட்டுகளும் நாள்வரிசையில் ஒட்டப்பட்டிருந்தன. 1985-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை இரண்டு குளிர்காலங்கள் நடந்திருக்கின்றது. ஓரிடத்திலும் லோட்டஸ் என்னும் பெயர் இல்லை. முத்திரை பின்வந்த ஒருவர் ஒட்டியது.

நம் முன்னோர் நூலின் முகப்பில் பாயிரம் அமைத்தனர். நூலை ஆக்கியோன் பெயர், அது வந்த வழி, நூலின் பெயர், யாப்பு முதலிய எட்டனையும் பாயிரம் உணர்த்த வேண்டும் என்று நன்னூல் விதிக்கின்றது. அக்குறிப்பேட்டைப் புரட்டியபோது, அவ்வண்டியின் பாயிரத்தையே படிப்பது போன்று இருந்தது எனக்கு. பிற்காலத்தார் இயற்றிய மருத்துவ நூல்கள் பல அகத்தியர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெரியோர் பெயரைச் சூட்டினால் நூலுக்கு மதிப்புப் பெருகும் என்று கருதினர் போலும். ஆனால், அச்சூட்டலால் மெய்யாக இயற்றிய புலவன் பெயர் மறைந்தே போயிற்று. முத்திரை ஒட்டியவரும் அதனையே செய்தார். இரண்டு குளிர்காலம் விரல் நோகப் பாடுபட்ட ஒருவரின் உழைப்பு, வேறொருவர் புகழுக்குள் மறைந்து கிடந்தது.

உண்மையைக் கூறியபோது மூதாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. “என் கணவர் கடைசிவரை இதனை லோட்டஸ் என்றே நம்பினார்” என்றார். அயலிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், முத்திரையை அப்படியே விட்டுவிட்டால் பின்னாளில் மிக்க விலைக்கு விற்கலாமே என்று என் மகன் செவியில் ஓதினார். மகன் என்னைப் பார்த்தான். யான் வாய் திறக்கவில்லை. அறுதியிட வேண்டியவன் அவன். அவன் மூதாட்டியாரை நோக்கி, “அம்மா, லோட்டஸ் வண்டிக்குரிய விலையை நான் தருதல் இயலாது. ஆனால், இவ்வளவு செவ்விய குறிப்பேட்டோடு கூடிய வண்டி கிடைப்பது அரிது. நன்கு கட்டிய வண்டிக்குரிய விலையைத் தருகின்றேன். இதன் மெய்ப்பெயரையே இனி வழங்குவேன்” என்றான். அம்மையார் உள்ளே சென்று ஒரு திருப்புளியைக் கொணர்ந்து, தம் கையாலேயே முத்திரையைக் கழற்றினார். “இஃது அவர் நினைவாக என்னிடம் இருக்கட்டும்” என்று மேலாடைப் பையில் இட்டுக்கொண்டார். பதிவுச் சான்றிதழ் வண்டியை வைத்திருப்பவர் யார் என்பதைக் காட்டுமேயன்றி உடைமைக்குச் சான்றாகாது. ஆதலின், விற்பனைச் சீட்டு ஒன்றும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டனர்.

தெளிதல் முடிந்தது, இனிக் கொணர்தல். நெடுநாள் ஓடாத வண்டியை உடனே சாலையில் ஓட்டிச் செல்லுதல் ஆகாது. அதனை டிரெய்லர் என்னும் இழுவை வண்டியில் ஏற்றி, காரின் பின்னே பூட்டி இழுத்துவர வேண்டும். அதற்கு முதலில் எடைக்கணக்கு அறிதல் வேண்டும். கிட் காரின் எடை ஏறத்தாழ 600 கிலோ. டிரெய்லரின் எடை 400 கிலோ. கூட்டினால் 1000 கிலோ. பிரேக் இல்லாத டிரெய்லர் சுமையோடு 750 கிலோவிற்கு மேற்படுதலும், இழுக்கும் காரின் எடையிற் பாதிக்கு மேற்படுதலும் அந்நாட்டுச் சட்டத்தில் விலக்கப்பட்டுள்ளன. ஆதலின், பிரேக் அமைந்த டிரெய்லரையே என் மகன் வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். மயிற்பீலி ஏற்றிய வண்டியை எடுத்துக்காட்டி, அளவறிந்து ஏற்றுதலைத் திருவள்ளுவர் வலியுறுத்தியது என் நினைவிற்கு வந்தது.

ஏற்றுமுன் டிரெய்லரின் டயர்களைப் பார்த்தனர். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும்; முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். ‘2319’ என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் அது செய்யப்பட்டது என்பது பொருள். வெளித்தோற்றத்தில் புதிதாயினும், நாள்பட்ட டயர் வெடித்துக் கிழிவதுண்டு.

கிட் கார் தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பது. சரிவுப் பலகை செங்குத்தாக இருந்தால் அதன் வயிறு உராயும். அதனால் பலகையின் அடியில் நீண்ட மரப்பலகைகளை இட்டுச் சரிவைக் குறைத்தனர். கைச்சுற்றுப் பொறியின் கம்பிக் கயிற்றால் வண்டியை மெல்ல மேலே இழுத்தனர். இழுபடும் கயிற்றின் நேரே ஒருவரும் நிற்கலாகாது. அறுந்தால் அது சவுக்கினும் கொடிதாக வீசும். ஏறுகின்ற வண்டியின் பின்னும் ஒருவரும் நிற்கலாகாது. நழுவினால் மனிதர் தாங்கும் எடையன்று அது.

மேலேறிய வண்டியை எவ்விடத்தில் நிறுத்துவது என்பதே இக்கலையின் நுட்பம். சுமையின் பெரும்பகுதி டிரெய்லர் அச்சிற்குச் சற்று முன்னே இருத்தல் வேண்டும். சுமை பின்னே சென்றால், டிரெய்லரின் வால் ஊசல்போல் ஆடத் தொடங்கி, இழுக்கும் காரையும் அலைத்துக் கவிழ்த்துவிடும். இணைப்புத் தலை காரின் கொக்கியை அழுத்தும் எடை, சுமையோடு கூடிய டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு இருத்தல் நன்று என்பர். கார் தாங்கும் அளவிற்கு அது மேற்படவும் கூடாது. 1000 கிலோவிற்கு 50 முதல் 70 கிலோ. அளந்து பார்த்ததில் 40 கிலோவே காட்டிற்று. வண்டியை அரைச் சாண் அளவு முன்னே நகர்த்தியதும் அது 60 ஆயிற்று. அரைச் சாண் செய்யும் மாற்றத்தைக் கண்டு யான் வியந்தேன்.

பின்னர்ப் பிணிக்கும் வேலை. கைப்பிரேக்கை இழுத்து, கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தனர். எடை தாங்கும் அளவு குறித்த நான்கு பட்டைகளால் நான்கு சக்கரங்களையும் தனித்தனியே டிரெய்லரோடு கட்டி, ராட்செட்டால் இறுக்கினர். கண்ணாடியிழைக் கூட்டின்மேல் பட்டை செல்லலாகாது, வெடித்துவிடும். பிரேக் குழாயிலும், ஸ்டியரிங் தண்டிலும் கட்டலாகாது, வளைந்துவிடும். எஞ்சினை மூடும் மேற்றகட்டைக் கழற்றிக் காருக்குள்ளே வைத்தனர்; இலேசான அத்தகடு காற்றில் பறந்தால் பின்வருவோர் உயிர்க்கே ஊறாகும். பாட்டரியின் இணைப்பை நீக்கினர். டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைத் தானே இழுத்து நிறுத்தும் கம்பியையும் மாட்டினர். இழுக்கும் காரின் பதிவெண்ணை டிரெய்லரின் பின்புறத்திலும் பூட்டினர். ஒருவர் காரிலிருந்து விளக்குகளை ஏற்ற, மற்றொருவர் பின்னே நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

லிங்கனிலிருந்து நியூவார்க் வழியாக லெஸ்டருக்கு வரும் ஏ 46 சாலை, பெரும்பகுதியும் உரோமர் காலத்து ‘ஃபாஸ்’ பெருவழியைத் தழுவிச் செல்வது. டிரெய்லர் இழுக்கும் கார் அந்நாட்டின் இருவழிப் பிரிவுச் சாலையில் மணிக்கு 60 மைலும், பிரிவில்லாச் சாலையில் 50 மைலும் கடத்தல் கூடாது. பத்து மைல் சென்றதும் மகன் ஓர் ஒதுக்கிடத்தில் நிறுத்தினான். பட்டைகளுள் ஒன்று இழுபட்டு நெகிழ்ந்திருந்தது. புறப்பட்டபோது கல்போல் இறுகியிருந்த பட்டை அது! மீண்டும் இறுக்கினான். பின்னர்ப் பெரிய லாரி ஒன்று எங்களை முந்திச் செல்ல, அதன் காற்றில் டிரெய்லர் சற்றே அசைந்தது. அவன் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பவும் இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தான். அசைவு அடங்கிற்று. அஞ்சிப் பிரேக்கை மிதித்திருந்தால் ஆட்டம் மிகுந்திருக்கும் என்றார் முதியவர். மாலைக்குள் வண்டி ஒரு கீறலும் இன்றி வீடு சேர்ந்தது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் கிட் கார் வாங்க நேரினும் நேராது போயினும், பிறர் கையிலிருந்து ஒன்றைப் பெறாமல் வாழ்தல் இயலாது. நூலும், செய்தியும், ஒருவரைப் பற்றிய சொல்லும் பல கை மாறியே உங்களிடம் வருகின்றன. அவற்றின் மூக்கில் ஒட்டியுள்ள முத்திரையைக் கண்டு மயங்காதீர்கள், எலும்பைப் பாருங்கள். ஓர் இலக்கம் ஐயமாயினும் தெளியும்வரை காத்திருங்கள். தெளிந்தபின், அதனால் உங்களுக்கு ஊதியம் குறையினும் மெய்ப்பெயரையே வழங்குங்கள். அப்பெயருக்குப் பின்னால் எவரோ ஒருவரின் உழைப்பு உளது. கற்ற கல்வியையும் அவ்வாறே பிணியுங்கள். ஒருமுறை இறுக்கியதோடு அமையாது, பத்து மைல் சென்றபின் இறங்கி மீண்டும் தொட்டுப் பாருங்கள்.